கொடியில் துணி காய்ந்தால் பாரம்பரியம் கெட்டுவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை பாரம்பரிய வீடு என்று எங்கள் வீட்டைப் போட்டோவும் வீடியோவும் எடுக்க வந்தார்களே, அதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். அந்த ஸ்டோரில், அதாவது பல குடித்தனங்கள் சேர்ந்து இருக்கும் அந்தப் பழைய முற்றத்து வீட்டில், குடியிருப்பவன் நானும் சொல்லிவிடுகிறேன். போட்டோவுக்காக முற்றத்துக் கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொன்னது தப்பு. "ஐந்து நிமிஷம்தானே" என்பவர்களுக்கும் சேர்த்துத்தான்: தப்பு.

கும்பகோணத்தில் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் நிற்பது உள்ளே ஆள் இருப்பதால்தான். எதிர்ச்சாரியில் ஒன்றைப் பூட்டிப் போட்டார்கள். அரசஞ்செடி சுவரைப் பிளந்துவிட்டது. எங்கள் சுவரில் முளைத்தால் யாராவது ஏணி போட்டுப் பிடுங்கிவிடுவார்கள். ஓடு சரிந்தால் குடித்தனத்துக்கு இவ்வளவு என்று காசு போட்டு மாற்றுகிறோம். பின்கட்டில் ஒருமுறை வீட்டுக்காரர் சிமென்ட் பூசினார். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டியது. சண்டை போட்டு மறுபடி சுண்ணாம்பே பூச வைத்தது எங்கள் வீட்டுப் பெண்கள்தான். அவர்கள் யாரும் வீடியோவில் இல்லை.

"எல்லோரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள்" என்று உருகுகிறார் வீடியோ போட்ட அன்பர். ஐயா, ஒரே குழாய், ஒரே கக்கூஸ். காலையில் வாளியோடு வந்து நில்லுங்கள், குடும்பம் தெரியும். சாதி விசாரிக்காமல் இங்கே யாருக்கும் இடம் கொடுத்ததும் இல்லை, அதையும் சொல்லிவிட்டு உருகுங்கள். ஆனால் அப்பா ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, நாங்கள் கூப்பிடும் முன்பே ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியவர், முந்தின நாள் தண்ணீருக்காக எங்களோடு கத்தியவர்.

"வாடகை குறைவு, அதான் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், குறைவுதான். சம்பளமும் குறைவுதான், அதையும் பதிவாகப் போடுங்கள். வீட்டுக்காரருக்கு உரிமை இல்லையா? இருக்கிறது, யார் இல்லை என்றது. கட்டடங்களுக்கு 2012-லேயே பாரம்பரிய ஆணையச் சட்டம் போட்டாயிற்று. குடியிருப்பவனுக்கு என்ன இருக்கிறது? 2028-இல் மகாமகம் வருகிறது. எங்களைக் காலி பண்ணவைத்து, எங்கள் ரூமில் ஏசி மாட்டி, வருகிற கூட்டத்திடம் எங்கள் மாச வாடகையை ஒரே ராத்திரிக்கு வாங்குவார்கள். திண்ணையில் பல்லாங்குழி வைப்பார்கள். ஆட ஆள் இருக்காது.

அம்மா ஈரப்புடவையைச் சுருட்டிக்கொண்டு "மன்னிச்சுக்கோங்க சார்" என்றாளே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எதற்கு மன்னிப்பு? துவைத்ததற்கா?

சரி, திட்டுகிறவர்கள் திட்டுங்கள். நாட்டு ஓடு பிரித்து மாற்றத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் மட்டும் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் கூரையை முடித்தாக வேண்டும்.