கம்ப்யூட்டர் கிளப் பள்ளிக்கூடத்துக்குள்தான் நடக்க வேண்டும்

மே மாதம் வந்தால் நாகர்கோவில் முதல் மார்த்தாண்டம் வரை மின்கம்பங்களில் ‘சம்மர் கோடிங் கேம்ப்’ விளம்பரம் தொங்க ஆரம்பித்துவிடும். கட்டணம் கட்ட முடிந்த பெற்றோர் அனுப்புகிறார்கள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் எழுத வந்தது வேறு. காசு வாங்காமல், தன்னார்வலர்கள் கூடி, பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் கிளப்புகளைப் பற்றி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். ‘அண்ணே, எங்க ஊர்ல ஒரு கிளப் ஆரம்பிக்கணும், எங்க வச்சு நடத்தலாம்?’ என்று என்னிடமே கேட்கிறார்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் வைத்து நடத்துங்கள் என்பதுதான் எப்போதும் என் பதில். பள்ளியில் முடியாது என்று சொன்னால் உடனே வாடகைக்கு ஹால் தேடிப் போகாதீர்கள். திரும்பவும் போய்க் கேளுங்கள்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன்.

டவுனில் ஹால் எடுத்து நடத்திய வகுப்புகளிலும் உதவியிருக்கிறேன், பள்ளிக்குள் நடந்ததிலும் உதவியிருக்கிறேன். டவுன் ஹாலுக்கு வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், ஆர்வமானவர்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏற்கெனவே லேப்டாப் இருந்தது. அம்மாவோ அப்பாவோ ஆசிரியர், வங்கி ஊழியர், அல்லது வெளிநாட்டில் வேலை. அறிவிப்பை வாட்ஸாப்பில் பார்த்து, வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முடிந்ததும் கூட்டிப்போக ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள். தூத்தூரில் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். குலசேகரம் பக்கம் விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வீடு. அந்த வீட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளையைச் சனிக்கிழமை தனியாக பஸ் ஏற்றி டவுனுக்கு யார் அனுப்புவார்கள்? அதே அம்மாவிடம் ‘ஸ்கூல்ல வச்சுதான், டீச்சரும் இருப்பாங்க’ என்று சொன்னால், ‘அப்படின்னா சரி, போயிட்டு வா’ என்பார். பள்ளிக்குள் நடந்தபோது பெண் பிள்ளைகள் பாதிக்குப் பாதி வந்தார்கள். நாங்கள் சிறப்பாக எதுவும் செய்யவில்லை, இடத்தை மாற்றினோம், அவ்வளவுதான்.

உலகம் முழுக்கப் பரவிய கோடர்டோஜோ என்ற கணினிக் கிளப் இயக்கமே ஒரு பள்ளியில் முளைத்ததுதான். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஜேம்ஸ் வெல்டன் என்ற மாணவர் ஐபாட் நானோ என்ற சின்னப் பாட்டுக் கருவியைத் தன் விருப்பத்துக்கு மாற்றியமைத்த செய்தி பரவியது. எங்களுக்கும் சொல்லிக்கொடு என்று இளைய மாணவர்கள் கேட்க, தான் படித்த பள்ளியிலேயே ஒரு கணினிக் கிளப் தொடங்கினார். பிறகு பில் லியாவ் என்பவருடன் சேர்ந்து 2011இல் அதைப் பொது இயக்கமாக்கினார். 7 முதல் 17 வயதுவரை யாரும் வரலாம், கட்டணம் இல்லை, நடத்துகிறவர்களும் சம்பளம் வாங்குவதில்லை. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் கிளேர் சட்கிளிஃப், லிண்டா சாண்ட்விக் என்ற இரண்டு பெண்கள் கோட் கிளப்பை ஆரம்பித்தார்கள். இவர்கள் பள்ளிக்கூடத்தையே மையமாக வைத்தார்கள். மணி அடித்த பிறகு பிள்ளைகள் அதே பள்ளியில் இருப்பார்கள், வெளியிலிருந்து தன்னார்வலர் வருவார், பள்ளி ஆசிரியர் ஒருவரும் கூடவே இருப்பார். பின்னாளில் இரண்டு அமைப்புகளும் ராஸ்பெரி பை அறக்கட்டளையோடு இணைந்தன. நம் ஊருக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது முறை என்று நினைக்கிறேன்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. கேரளத்தில் ‘ஐடி@ஸ்கூல்’ திட்டம் 2001இல் தொடங்கியது. சில ஆண்டுகளில், யாரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, அதை வைத்தே பள்ளிகளில் கணினிக் கல்வி கொடுத்தார்கள். 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று உயர்நிலைப் பள்ளி மாணவர் கிளப்புகளைத் தொடங்கினார்கள். அதில் அனிமேஷன், புரோகிராமிங், வன்பொருள், மலையாளக் கணிமை எல்லாம் உண்டு. அந்தப் பிள்ளைகளே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பும் எடுத்திருக்கிறார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் விளவங்கோடு பக்கம் எத்தனையோ. அங்கே இருக்கிற சித்தி மகள் எட்டாம் வகுப்பில் பள்ளி நேரத்துக்குப் பிறகு கிளப்பில் உட்கார்ந்து அனிமேஷன் செய்கிறாள், இங்கே இருக்கிற அக்காள் மகளுக்கு அது கிடைக்கவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். லிட்டில் கைட்ஸில் சேர ஒரு தேர்வு வைக்கிறார்களே, அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தேர்வில் தேறாத பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு இடம் அதிகம் தேவைப்படும்.

நம் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமல்ல. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் வந்திருக்கிறது. மேல்நிலை கணினி அறிவியலில் இப்போது பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைதான் என்ற கணினி மொழிகள். ஏன், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். ‘காட்சித் தொடர்பு’ என்று தலைப்பு, உள்ளே ஸ்க்ராட்ச் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட மென்பொருள் அது. கட்டைகளை அடுக்குவதுபோலக் கட்டளைகளை அடுக்கினால் படம் நகரும், பேசும், பாடும். நம் பிள்ளைகள் ஸ்பிரைட் என்றால் என்ன, மேடை என்றால் என்ன என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஸ்க்ராட்ச்சைத் திறந்து பார்த்திருக்கிறாயா என்று கேட்டால், இல்லை சார் என்பார்கள். எனக்குத் தெரிந்த பல பிள்ளைகளின் நிலை இது. லேப் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது, பூட்டி இருக்கிறது.

பூட்டுவதற்குக் காரணம் ஆசிரியரின் மனசு அல்ல. இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளும் ஏறியிருக்கிறது. ஒரு மவுஸ் காணாமல் போனால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆன்லைன் மதிப்பீடு, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவேற்றம் என்று அவர் தலையில் ஏற்கெனவே எவ்வளவோ வேலை. இந்த நிலையில் வெளியிலிருந்து நான்கு பேர் வந்து சனிக்கிழமை சாவி கொடுங்கள் என்றால் யார் கொடுப்பார்? அதனால் போகிற தன்னார்வலர்கள் முதலில் அவர் சுமையைக் குறைக்கப் பாருங்கள். ஓடாமல் கிடக்கிற கணினிகளைச் சரிசெய்து கொடுங்கள். வரும்போதும் போகும்போதும் எண்ணிப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். ஸ்க்ராட்ச்சை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், எனவே நெட் இல்லை என்பது ஒரு தடையே அல்ல.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கி லட்சக்கணக்கில் கொடுத்த அரசு லேப்டாப்புகளில் நிறைய, பேட்டரி போய் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த வடிவம் ஒன்றைப் போட்டு, சார்ஜரோடு செருகி வைத்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. லேப் வசதி குறைவாக உள்ள பள்ளிகளுக்கு இது கைகொடுக்கும்.

அப்புறம் அனுமதி. இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். நல்ல ஹெச்.எம். ஒருவர் வாய்ப்பேச்சில் சரி என்று சொல்லி, கிளப் அருமையாக நடந்து, அவர் மாறுதலாகிப் போனதும் புதியவர் வந்து ‘இதெல்லாம் யார் அனுமதித்தது?’ என்று கேட்க, அந்த வாரமே எல்லாம் நின்றுபோன ஒரு பள்ளியை எனக்குத் தெரியும். பிள்ளைகள் அரைகுறையாய்ச் செய்து வைத்திருந்த விளையாட்டுகள் அந்தக் கணினிகளிலேயே கிடக்கின்றன. புதியவரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் குழுவில் தீர்மானம் போடுங்கள். எந்த நாள், எந்த அறை, யார் யார் வருவார்கள், எந்த ஆசிரியர் உடன் இருப்பார் என்று எழுதி வாங்குங்கள். ஹெச்.எம். மாறினாலும் தீர்மானப் புத்தகம் பள்ளியிலேயே இருக்கும். கேட்பதற்குப் பெற்றோரும் இருப்பார்கள்.

வெளியாட்களை உள்ளே விடலாமா என்ற பயம் நியாயமான பயம். அதற்கு முகம் சுளிக்கிற தன்னார்வலர் இந்த வேலைக்கு வர வேண்டாம். பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பள்ளி ஆசிரியர் அல்லது பெற்றோர். பிள்ளைகளின் நம்பர் வாங்கி வாட்ஸாப்பில் பேசுவது கூடாது, எதுவானாலும் பெற்றோர் வழியாகத்தான். படம் எடுத்துப் போடுவதற்கு முன் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 என்ன சொல்கிறது என்று தன்னார்வலர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டும் அந்த அறைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். இதையெல்லாம் ஹெச்.எம். கேட்பதற்கு முன்னால் நாமே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தன்னார்வலரை நம்பிப் பழக்கமில்லை என்று நம் கல்வித்துறையும் சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவு கொடுத்தவர்கள் யார்? சம்பளம் வாங்காத இளைஞர்களும் பெண்களும்தானே. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லங்கள் என்ற சிறுவர் அறிவியல் மன்றங்களை நடத்தியவர்களும் அப்படித்தான். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பும் இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு பல வருடமாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி சொல்லிக்கொடுத்துவருகிறது. அவர்களால் முடிகிறது என்றால் வீட்டுக்கு வீடு இன்ஜினியர் இருக்கிற நம்மால் ஏன் முடியாது?

பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள். கிளப்பை வகுப்பாக மாற்றிவிடாதீர்கள். கொஞ்சம் நன்றாக நடந்தால் போதும், ‘அப்படியே அந்த ஒரு மார்க் கேள்வியையும் படிக்க வச்சிடுங்க’, ‘மாவட்டப் போட்டிக்கு நாலு பேரைத் தயார் பண்ணுங்க’ என்று கேட்க ஆரம்பிப்பார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் மதிப்பெண் உள்ளே வந்ததும், வகுப்பில் பின்வரிசையில் இருக்கிற பிள்ளை இங்கேயும் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. கிளப்பில் எதைச் செய்வது என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். தோவாளைப் பக்கத்துப் பையன் ஒருவன் மேலேயிருந்து விழும் பிச்சிப்பூவைக் கூடையில் பிடிக்கிற விளையாட்டு செய்தான். கடற்கரைக் கிராமத்துப் பெண் பிள்ளை ஒருத்தி, புயல் வருவதற்குள் வள்ளங்களைக் கரை சேர்க்கிற விளையாட்டு செய்தாள். அதில் எச்சரிக்கையைத் தமிழில் எழுதி, தன் குரலிலேயே பதிவும் செய்திருந்தாள். 2017 ஒக்கிப் புயலின்போது ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. அந்தப் பிள்ளை அப்போது மிகச் சின்னவள், வீட்டில் பேசிப் பேசிக் கேட்டிருக்கிறாள். இப்படி ஒரு விளையாட்டை எந்தப் பாடத்திட்டமும் அவளிடம் கேட்டிருக்காது.

தன்னார்வலர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒர்க்‌ஷாப், பேனர், பொன்னாடை, சான்றிதழ், குரூப் போட்டோ, அதோடு சரி என்று போவதென்றால் போகவே வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை போதும், ஆனால் ஒரு கல்வியாண்டு முழுக்க வர வேண்டும். ஒருவருக்கு முடியாத நாளில் இன்னொருவர் போகிற மாதிரி ஆள் சேர்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர், 2025இல் தலைவரான நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இருவருமே ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்தவர்கள். ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் அவர்கள் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறோம். அதே மாதிரிப் பள்ளியில் இன்று படிக்கிற பிள்ளை ஒரு கணினியைத் தொட்டுப் பார்ப்பதற்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்கிற உரிமை அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். நாகர்கோவில், இரணியல், குழித்துறை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காலையில் என்னோடு ரயில் ஏறுகிற ஐடிக்காரர்கள் எத்தனை பேர் என்று தினமும் பார்க்கிறேன். உங்களைத்தான் கேட்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் ஹெச்.எம்.கள் சேர்க்கை வேலையில் மூழ்கியிருப்பார்கள், அது கொஞ்சம் அடங்கியதும் போய்ப் பேசலாம். கடிதத்தின் மாதிரியும் பாதுகாப்பு விதிகளும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் தருகிறேன். நாகர்கோவில் பக்கம் ஆள் கிடைத்துவிடும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கமும், குளச்சல் முதல் தூத்தூர் வரை கடற்கரையிலும்தான் ஆள் இல்லை. பைக்கில் வரக்கூடியவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். பெண்கள் வந்தால் இன்னும் நல்லது. எந்தச் சனிக்கிழமை முடியும் என்று மட்டும் இன்பாக்ஸில் எழுதுங்கள், பள்ளியில் பேச நானும் கூட வருகிறேன்.