வக்ஃபு என்றால் பள்ளிவாசல் மட்டும்தானா?

"வக்ஃபு சொத்து பள்ளிவாசலுக்கும் கபர்ஸ்தான் என்ற அடக்கத்தலத்துக்கும்தான், ஊர் அமைதிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று நீங்கள் சொல்வது தவறு. வக்ஃபு என்பது இறைவனுக்காக அறப்பணிக்கென்று நிரந்தரமாக ஒதுக்கப்படும் சொத்து. நபித்தோழர் உமர், அரேபியாவின் கைபரில் இருந்த தன் நிலத்தை வக்ஃபு செய்தபோதே ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் என்றுதான் பயனாளிகளைச் சொன்னார். 1326-இல் டமாஸ்கஸ் போன மொராக்கோ பயணி இப்னு பதூதா, தான் கண்ட ஒன்றைச் சொல்கிறார்: ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்து சீனப் பீங்கான் தட்டு தெருவில் விழுந்து உடைகிறது, கூட்டம் கூடுகிறது, ஒருவர் துண்டுகளைப் பொறுக்கச் சொல்லி, பாத்திரங்களுக்கென்றே இருந்த வக்ஃபின் பொறுப்பாளரிடம் அழைத்துப் போகிறார், அங்கே வேறு தட்டு வாங்கக் காசு கிடைக்கிறது. எசமானின் அடியிலிருந்து ஒரு பிள்ளை தப்பியது. அமைதி என்றால் எனக்கு முதலில் இதுதான். அப்புறம், பிற மத ஏழைகளுக்கும் வக்ஃபு செய்யலாம் என்று இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபியின் சட்ட அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லி கணக்கை மறைத்தால் அதே சொத்தே சண்டைக்குக் காரணமாகும், சரி, ஆனால் அது நிர்வாகத்தின் குற்றம்.