எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காதா?

“புது வீட்டுக்கு எம்சிபி போதும், ஆர்சிசிபி எலக்ட்ரீஷியன் கிளப்பும் வீண் செலவு” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. எம்சிபி (MCB) என்பது வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் (ஓவர்லோடு) தானே விழும் விசை; ஆர்சிசிபி (RCCB) என்பது மின்கசிவைக் கண்டால் தானே விழும் விசை. எம்சிபி காப்பது வயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி அந்த அளவைத் தாண்டினால்தான் அசையும்; உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும். மின்கசிவுள்ள கீசரை ஈரக்கையால் தொட்டால், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிதான் இமைப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதற்காக எம்சிபியை விட்டுவிடவும் முடியாது. ஓவர்லோடை ஆர்சிசிபி கண்டுகொள்ளாது. எர்த்திங்கும் வேண்டும்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளில் கசிவுப் பாதுகாப்பு பற்றிய விதி இருக்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் படிக்கலாம். ஆர்சிசிபியைப் பொருத்தியதும் ‘T’ (டெஸ்ட்) பொத்தானை அழுத்துங்கள். விசை உடனே விழ வேண்டும். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.