கிலோமீட்டரை வகுத்துப் பயண நேரம் சொல்லாதீர்கள்

யாராவது தூர தேசத்துக்கு விமானம் ஏறப் போகிறார் என்றால், உடனே போனை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கிறோம். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, அதை 900-ஆல் வகுத்து, "இத்தனை மணி நேரம்தான்" என்று சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் அம்மாவிடம் சொன்னேன். போகும்போது கணக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. திரும்பும்போது இரண்டு மணி நேரம் கூடுதல். நான் சொன்ன நேரம் தாண்டியும் விமானம் இறங்கவில்லை, சுற்றிலும் இருட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. விமானத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தார் அம்மா. அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான்தான் காரணம்.

விமானத்துக்கு எதுவும் ஆகவில்லை. எதிர்க்காற்று, அவ்வளவுதான். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வீசும். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 5,500 கிலோமீட்டர். காற்றோடு கிழக்கே லண்டனுக்கு ஏழு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம், காற்றை எதிர்த்துத் திரும்பி வர எட்டு மணி நேரம் ஆகும். 2020 பிப்ரவரியில் புயல் பின்னாலிருந்து தள்ள, ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய் இறங்கியது. தூரம் என்னவோ அதேதான்!

வானத்தில் பாதையும் நிலையானதல்ல. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ரஷ்யாவின் மேல் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த, பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போகும் பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. வட துருவத்தின் மேலேயே சுற்றிப் போக வேண்டியிருந்தது. இணையத்தில் தூரம் தேடினால் இன்றும் பழைய 7,800 கிலோமீட்டரைத்தான் காட்டும்.

அப்புறம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம். புறப்படும் நேரம் ஏறும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறினால், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே தேதியில் காலையில் இறங்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இது எவ்வளவு குழப்பம் என்பது அடிக்கடி பறப்பவர்களுக்கு மறந்தே போகிறது.

பெரியவர்களைத் தனியாக அனுப்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். டிக்கெட்டில் 'பயண நேரம்' என்று தனியாக இருக்கும். போக எவ்வளவு, வர எவ்வளவு என்று இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். நடுவில் விமானம் மாற வேண்டுமென்றால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரை போடும் வேளை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதை வைத்துத்தான்.

அடுத்த பயணத்துக்கு அம்மாவின் கைப்பையில் ஒரு தாள் வைத்தேன். "வாட்சை மாற்ற வேண்டாம். போகும்போது 9 மணி நேரம். வரும்போது 11. கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், பயப்படாதே அம்மா."