விருப்பப் பாடத்துக்குப் பட்டம் தடையன்று

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியன்று. அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டம் பெற்றவரும் அத்தேர்வை எழுதலாம் என்பதோடு, இயற்பியல், தாவரவியல், அரசியல் அறிவியல் மூன்றுமே விருப்பப் பாடப் பட்டியலில் இருப்பதால், பட்டப்படிப்பில் தொடாத பாடத்தையும் ஒருவர் தேர்ந்துகொள்ளலாம். முதன்மை எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்களில் 500 இதற்கே உரியவை. அதனால்தான் இந்தத் தவறான தகவல் எனக்கு வருத்தம் தருகிறது.

தாங்கள் நினைத்தது இந்திய வனப் பணியாக இருக்கலாம். அதற்குத்தான் தாவரவியல், இயற்பியல் போன்ற குறிப்பிட்ட அறிவியல் பாடங்களுள் ஒன்றோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ தேவை. களக்காட்டு மலையைப் பார்த்து வளர்ந்து வனப்பணியை விரும்பும் பிள்ளை, அரசியல் அறிவியலில் மட்டும் பட்டம் பெற்றால் அதற்கு விண்ணப்பிக்க இயலாது.