கவாத்து கத்தியும் போர்க்கப்பலும்

வெளிநாட்டு இரும்பு சீப்பா கெடச்சா வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இங்க உருக்காலை எல்லாம் வச்சு மாரடிக்கணும்னு நேத்து குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒரு அண்ணன் கேட்டார். நான் வாய தொறக்கவும் மேட்டுப்பாளையம் பஸ் வரவும் சரியா இருந்துச்சு, அவர் ஏறிப் போயிட்டார், அதான் இங்க வந்து கொட்டுறேன்.

எங்க வீட்ல ரெண்டு கவாத்து கத்தி இருக்கு. ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனது, பளபளன்னு வந்துச்சு, முப்பது தேயிலைச் செடி வெட்டுறதுக்குள்ள வாய் மடங்கிருச்சு. இன்னொண்ணு அப்பா காலத்துல பட்டறையில லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது, இன்னிக்கும் தீட்டி எடுத்தா ஒரே வெட்டுதான். ரெண்டும் இரும்புதாங்க!

கப்பல் தகடும் அப்படித்தான். விக்ராந்த்ங்கிற விமானந்தாங்கிக் கப்பல கட்ட முதல்ல ரஷ்யாவுல இருந்து தகடு வாங்குறதாதான் இருந்தாங்க, அது ஒழுங்கா வந்து சேரல, அப்புறம் ஹைதராபாத்ல இருக்குற டிஎம்ஆர்எல்ங்கிற பாதுகாப்புத்துறை உலோக ஆய்வுக்கூடமும் செயில்ங்கிற அரசு உருக்கு கம்பெனியும் சேர்ந்து டிஎம்ஆர் 249னு ஒரு ரகத்தையே உண்டாக்குனாங்க. அடி வாங்குனா நெளியலாம், ஆனா கண்ணாடி மாதிரி விரிசல் விடக்கூடாது, வெல்டிங்கும் பிடிக்கணும். கிட்டத்தட்ட 30,000 டன் போச்சு, 2022 செப்டம்பர்ல கப்பல் கடற்படையில சேந்துச்சு. 2025 ஜனவரியில வந்த ஐஎன்எஸ் நீலகிரி, ஆமா நம்ம மலை பேருதான், அதுலயும் இதே குடும்பத்து உருக்குதான்.

அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரில இருந்தவர், சங்கு ஊதுறத வச்சுத்தான் எங்க வீட்ல கடிகாரமே ஓடும். அங்க செய்றது குண்டைத் தள்ளுற மருந்து. மருந்து மட்டும் மலையா குவிஞ்சு என்ன பண்ண, குண்டோட கூடு உருக்கு, பீரங்கிக் குழாய் அதவிட ஒசந்த உருக்கு. கார்கில்ல 1999ல சண்டை நடக்க நடக்க 155 மில்லிமீட்டர் குண்டுக்கு வெளிநாட்டுக்கு ஓடுனோம், அதுக்கு முந்துன வருஷம்தான் பொக்ரான்ல அணுகுண்டு வெடிச்சதுக்கு அமெரிக்கா தடை போட்டிருந்துச்சு. அவசரத்துக்கு வாங்குறவன்கிட்ட எவன் நியாய வெல சொல்லுவான்?

அரசு நடத்தணுமா தனியார் நடத்தணுமாங்குறது வேற சண்டை, அதுக்குள்ள நான் போகல. நம்ம உருக்காலை உலைக்கு வேண்டிய கோக்கிங் கரி, அதாவது இரும்பு உருக்குற நிலக்கரி ரகமே பெரும்பாலும் ஆஸ்திரேலியா மாதிரி வெளிநாட்டுல இருந்துதான் வருது, அந்த ஓட்டையும் இருக்கு. ஆனா கரிய நாலு இடத்துல வாங்கி ஸ்டாக் வச்சுக்கலாம். உருக்கோட பக்குவம் தெரிஞ்ச ஆள இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிட்டு நாளைக்கு சண்டை வந்ததும் எங்க போய் தேடுவீங்க?

அண்ணே, இதப் பாத்தீங்கன்னா வீட்டுக்கு வாங்க, அந்த ஆன்லைன் கத்தி சும்மாதான் கெடக்கு, எடுத்துக்கங்க, வாழக்கா நறுக்க ஆகும்.