சத்தத்தைத் தண்ணீர் அடக்குவதில்லை
"தண்ணீரால் குளிரூட்டினால் கணினியில் சத்தமே இருக்காது" என்று கணினிக் குளிரூட்டல் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்ணீர் வெறும் சுமைதூக்கி. வெப்பத்தைக் கடைசியில் அறைக் காற்றில் இறக்கிவைக்க ரேடியேட்டரும் (சூடான தண்ணீர் ஓடும் மெல்லிய தகடுகளின் அடுக்கு) மின்விசிறியும் வேண்டும். பாளையங்கோட்டையில் அக்கினி நட்சத்திர நாட்களில் என் மாடி அறை 38 டிகிரியைத் தொடும். தண்ணீர் எத்தனை முறை சுற்றினாலும் அதற்குக் கீழே குளிராது. முதலில் 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் போட்டேன், விசிறி மாவு மில்லைப்போல் இரைந்தது. 360 மில்லிமீட்டருக்கு மாற்றி, மூன்று விசிறிகளையும் நிமிடத்துக்கு 700 சுற்றில் விட்டபிறகுதான் அடங்கியது. அடங்கியதும் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின் ரீங்காரம் கேட்கத் தொடங்கியது! அதைக் கணினியின் இரும்புப் பெட்டியில் நேராகத் திருகியிருந்ததுதான் காரணம். பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் கொடுத்தேன், பாதிக்கு மேல் குறைந்தது. மேலே கருத்து எழுதிய ஒருவர் இதில் தாமிரபரணித் தண்ணீரையே ஊற்றலாம் என்கிறார். குடிக்க அதற்கு ஈடில்லைதான், ஆனால் உப்பும் பாசியும் சிப்பின் மேல் உட்கார்ந்து வெப்பத்தை வாங்கும் செம்புத் தகட்டின் மெல்லிய இடுக்குகளை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் பாசி தடுக்கும் மருந்தும் ஊற்றுங்கள். செம்போடு அலுமினிய ரேடியேட்டரையும் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும். விலை குறைவென்று வாங்கி நான் பட்டுவிட்டேன்.